ஓடிபி சொன்னதால மட்டும் நஷ்டம் முழுக்க உங்களோடதா? டிஜிட்டல் பணத் திருட்டில் யாருக்கு என்ன பொறுப்பு?

சிப் கார்டு, ஓடிபி, டோக்கன், 1930 ஹெல்ப்லைன் என அரசும் ரிசர்வ் வங்கியும் பூட்டு மேல் பூட்டாகப் போட்டுக்கொண்டே இருக்கின்றன. ஆனாலும் மக்கள் இழக்கும் பணம் கூடிக்கொண்டே போகிறது. பணம் போன பிறகு அந்த நஷ்டம் யாருடையது என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் நேரான பதில் வரவில்லை.

ராயப்பேட்டை மணிக்கூண்டு பக்கம் ஒரு டீ குடிச்சாலும் சரி, எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலில் ஷாப்பிங் பண்ணினாலும் சரி, பர்ஸை எடுக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். தள்ளுவண்டியிலும் க்யூஆர் கோடு ஸ்டிக்கர், பெட்டிக்கடையிலும் தொகையைச் சத்தமாக அறிவிக்கும் சவுண்ட் பாக்ஸ். இதே ராயப்பேட்டையின் அவ்வை சண்முகம் சாலையில்தான் இந்தியன் வங்கியின் தலைமை அலுவலகமும் இருக்கிறது. பணம் கொடுக்கிறவர், வாங்குகிறவர், நடுவில் நிற்கும் வங்கி என மூன்று தரப்பும் ஒரே ஏரியாவில் இருக்கிறார்கள். ஆனால் ஏதாவது தப்பு நடந்தால், பெரும்பாலும் மாட்டிக்கொள்வது முதல் ஆள்தான்.

கணக்கைப் பார்க்கலாம். சைபர் மோசடிகளில் இந்தியர்கள் 2023-ல் இழந்தது சுமார் 7,465 கோடி ரூபாய். 2024-ல் அது சுமார் 22,845 கோடி. மத்திய அரசே நாடாளுமன்றத்தில் கொடுத்த எண்கள் இவை. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு. 1930 ஹெல்ப்லைனோடு இணைந்த புகார் அமைப்பு 2021-ல் தொடங்கியது. அன்று முதல் 2025 ஜூலை வரை அது காப்பாற்றிய மொத்தத் தொகை 5,489 கோடி ரூபாய்க்குச் சற்று அதிகம். அதாவது நாலு வருஷத்தில் காப்பாற்றியது, 2024 என்ற ஒரே வருஷத்தில் போனதில் கால்வாசிகூட இல்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. நிறையவே செய்திருக்கிறது. அது எங்கே வேலை செய்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம்.

பூட்டுகள் எப்படி வந்தன?

இந்த விஷயத்தில் இந்தியா பின்தங்கிய நாடு இல்லை. ஆன்லைனில் கார்டைப் பயன்படுத்தும்போது, கார்டில் அச்சிடப்படாத ஒரு கூடுதல் ரகசியத் தகவலையும் சரிபார்க்க வேண்டும் என்ற விதி 2009 ஆகஸ்ட்டிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. இன்று நாம் கேட்டுப் பழகிய ஓடிபி அந்த வழியில் வந்ததுதான். அமெரிக்காவில் அரசு தரும் கார்டுகளில் சிப்பும் பின் நம்பரும் இருக்க வேண்டும் என்று அப்போதைய அதிபர் ஒபாமா உத்தரவு போட்டது 2014 அக்டோபரில். நியூயார்க் உணவகம் ஒன்றில் தன் கார்டே ஏற்கப்படவில்லை என்று அப்போது அவர் சொன்னார்.

அதன் பிறகு இந்தியாவில் வந்தவற்றில் முக்கியமானவை:

• காந்தப் பட்டை மட்டும் உள்ள கார்டுகளை 2018 டிசம்பர் 31-க்குள் சிப் கார்டுகளாக மாற்ற வங்கிகளுக்குக் கெடு.

• 2020 முதல், புதிய கார்டில் ஆன்லைன், வெளிநாடு, தட்டிச் செலுத்தும் வசதிகள் மூடியே வரும். வேண்டுமென்றால் நாம்தான் திறக்க வேண்டும்.

• 2022 அக்டோபர் 1 முதல், ஷாப்பிங் ஆப்களும் கடைகளும் நம் கார்டு நம்பரைச் சேமித்து வைக்கக் கூடாது. அதற்குப் பதிலாக 'டோக்கன்' என்ற மாற்று எண். அந்த டோக்கன் கசிந்தாலும் வேறு இடத்தில் அதை வைத்து ஒன்றும் வாங்க முடியாது.

• 2025-ல், நெட் பேங்கிங்கில் பணம் அனுப்பும் முன் அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதி. வங்கிகளின் இணைய முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும் என்ற விதி. தனிநபர்களுக்கு இடையே யுபிஐ-யில் 'பணம் கேட்டு' கோரிக்கை அனுப்பும் வசதிக்கு 2025 அக்டோபர் 1 முதல் முடிவு.

• 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட புதிய சரிபார்ப்பு விதிகள். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. எஸ்எம்எஸ் ஓடிபி-யை மட்டும் நம்பியிருக்காமல் வேறு வழிகளுக்கும் இடம் கொடுக்கிறது. இந்த விதிகளைப் பின்பற்றாததால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் வந்தால், கார்டோ கணக்கோ வழங்கிய நிறுவனம் முழுத் தொகையையும் ஈடு செய்ய வேண்டும்.

நல்ல விஷயங்கள்தான். கார்டு நம்பரைத் திருடி, டூப்ளிகேட் கார்டு அடித்து ஏடிஎம்-ல் பணம் எடுக்கும் பழைய ஸ்டைல் திருட்டை இவை கஷ்டமாக்கியிருக்கின்றன.

அப்புறம் ஏன் பணம் போகுது?

ஏனென்றால் திருடும் முறை மாறிவிட்டது. இந்தப் பூட்டுகள் எல்லாம், உங்களுக்குத் தெரியாமல் உங்கள் கணக்கில் நுழைபவரைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டவை. இன்றைய மோசடிக்காரர் நுழைவதே இல்லை. உங்களையே பின் நம்பர் போட வைக்கிறார்.

"சார், உங்க கேஒய்சி முடிஞ்சு போச்சு, இன்னைக்கு நைட் அக்கவுண்ட் பிளாக் ஆயிடும்" என்று ஒரு போன். "உங்க பேர்ல வந்த கூரியர்ல போதைப்பொருள் இருக்கு, வீடியோ காலை கட் பண்ணாதீங்க" என்று காக்கிச் சட்டை போட்ட ஒருவர். டிராஃபிக் ஃபைன் என்ற பெயரில் வாட்ஸ்ஆப்பில் ஒரு ஏபிகே ஃபைல். தினமும் லாப ஸ்க்ரீன்ஷாட் வந்து விழும் ஷேர் டிரேடிங் குரூப். எல்லாவற்றிலும் கடைசியில் ஓடிபி-யைச் சொல்வதோ, பின் நம்பரை அழுத்துவதோ வாடிக்கையாளரேதான். சிஸ்டத்தின் பார்வையில் அது சரியான பரிவர்த்தனை.

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று எதுவும் சட்டத்தில் இல்லை. 2024 அக்டோபர் 27 மனதின் குரல் நிகழ்ச்சியில் பிரதமரே அதைச் சொன்னார். 2025 டிசம்பர் 1 அன்று டிஜிட்டல் அரெஸ்ட் மோசடிகளை சிபிஐ விசாரிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விஷயம் எவ்வளவு பெருசாகிவிட்டது என்பதற்கு இதுவே சாட்சி.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு பக்கம் இருக்கிறது. போன பணம் காற்றில் கரைவதில்லை. அது இன்னொரு வங்கிக் கணக்கில் போய் விழுகிறது. அங்கிருந்து நாலைந்து கணக்குகளுக்குப் பிரிந்து, பிறகு ஏடிஎம் வழியாகவோ கிரிப்டோவாகவோ வெளியேறுகிறது. இந்த இடைக் கணக்குகளுக்கு 'மியூல் அக்கவுண்ட்' என்று பெயர். சில ஆயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டு காலேஜ் பசங்களும் தினக்கூலிகளும் வாடகைக்கு விட்ட கணக்குகளும் உண்டு, யாருடைய ஆதாரையோ வைத்துத் திறந்த கணக்குகளும் உண்டு. எதுவாக இருந்தாலும், அந்த ஒவ்வொரு கணக்கையும் ஏதோ ஒரு வங்கி கேஒய்சி பார்த்துத்தான் திறந்திருக்கிறது. மாசம் 2,000 ரூபாய்கூட ஓடாத கணக்கில் திடீரென்று 8 லட்சம் வந்து பத்தே நிமிஷத்தில் வெளியே போனால், அதைப் பார்க்கும் இடத்தில் இருப்பது வங்கி மட்டும்தான்.

இது ரிசர்வ் வங்கிக்கும் தெரியும். இப்படிப்பட்ட கணக்குகளைக் கண்டுபிடிக்க அதன் புத்தாக்க மையம் உருவாக்கிய 'மியூல்ஹன்டர்' என்ற ஏஐ கருவி 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. சந்தேகத்துக்குரிய மொபைல் எண்களை வங்கிகளுக்கு முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் அமைப்பை தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் கொண்டுவந்தது. கருவிகள் வந்துவிட்டன. அவற்றைச் சரியாகப் பயன்படுத்தாத வங்கி, போன பணத்துக்குப் பொறுப்பேற்க வேண்டுமா என்பதுதான் மிச்சம் இருக்கும் கேள்வி.

நம்ம விவரம் அவங்களுக்கு எப்படிப் போகுது?

மோசடி போன் பல நேரங்களில் நம்பும்படி இருப்பதற்குக் காரணம், பேசுகிறவர் நம் பெயர், முகவரி, சில சமயம் பாலிசி நம்பர் வரை சொல்வதுதான். ராயப்பேட்டையில் இருந்து கொஞ்ச தூரத்தில், நுங்கம்பாக்கத்தில் தலைமையகம் உள்ள ஸ்டார் ஹெல்த் இன்ஷூரன்ஸ் விவகாரம் நினைவிருக்கலாம். 2024-ல் அதன் வாடிக்கையாளர்களின் விவரங்கள் டெலிகிராம் பாட்கள் வழியாக வெளியே வந்தன. 3.1 கோடி பேரின் தகவல் தன்னிடம் இருப்பதாக ஹேக்கர் சொன்னார். நிறுவனம் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போனது. சைபர் தாக்குதலுக்கு ஆளானதையும் ஒப்புக்கொண்டது.

ஆதார் விஷயத்தில் அரசு சொன்னதே குழப்பம். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலை யாரிடமும் கொடுக்காதீர்கள், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள் என்று அறிவித்தது. இரண்டே நாளில் மத்திய அரசு அதை வாபஸ் வாங்கியது. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்ளக்கூடும், வழக்கமான எச்சரிக்கையோடு இருந்தால் போதும் என்றது. பிஜி-யில் ரூம் எடுக்கும்போதும் புது வேலையில் சேரும்போதும் ஆதார் ஜெராக்ஸைக் கேட்டவுடன் நீட்டுகிற நமக்கு, இதில் எது 'வழக்கமான எச்சரிக்கை' என்று யாரும் சொல்லவில்லை.

அடையாளத் திருட்டு என்றால் கணக்கில் இருந்து பணம் போவது மட்டும் இல்லை. 2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோன், தன் பான் எண்ணை வைத்து யாரோ 2,000 ரூபாய் லோன் எடுத்துவிட்டார்கள், தன் சிபில் ஸ்கோர் அடிவாங்கிவிட்டது என்று ட்விட்டரில் புகார் சொன்னார். பிரபலம் என்பதால் அவருடைய பிரச்சினை சீக்கிரம் சரியானது. வீட்டு லோனுக்கு அப்ளை செய்யும்போதுதான் இதைத் தெரிந்துகொள்ளும் சாதாரண ஆளுக்கு அந்த வேகம் கிடைப்பதில்லை.

சட்டம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு அடையாளத் திருட்டுக்கு 3 ஆண்டுகள் வரை சிறை என்கிறது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலைப் பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதங்கள் அவகாசம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த 250 கோடி போய்ச் சேரும் இடம் அரசின் கஜானா. தகவல் கசிந்தவருக்கு அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. தகவலைக் காக்கத் தவறிய நிறுவனத்திடம் நஷ்டஈடு கேட்க பழைய சட்டத்தில் 43ஏ என்ற பிரிவு இருந்தது. புதிய சட்டம் அந்தப் பிரிவை நீக்குகிறது. பாதுகாக்க வந்த சட்டமே, பாதிக்கப்பட்டவர் தட்டக்கூடிய ஒரு கதவை மூடுகிறது.

இன்னொரு பக்கம், பாதுகாப்பு என்ற பெயரில் அரசு எவ்வளவு தூரம் உள்ளே வரலாம் என்ற கேள்வியும் உண்டு. நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்க உதவும் 'சஞ்சார் சாத்தி' நல்ல சேவைதான். ஆனால் அதன் ஆப்பை எல்லா புதிய போன்களிலும் கட்டாயம் ஏற்றித் தர வேண்டும் என்று 2025 நவம்பர் இறுதியில் உத்தரவு வந்ததும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பர் 3 அன்று அந்தக் கட்டாயம் வாபஸ். மக்களைக் காப்பாற்ற மக்களின் சம்மதமும் வேண்டும் என்பதை அரசு கொஞ்சம் லேட்டாகப் புரிந்துகொண்டது.

பணம் போனா விதி என்ன சொல்லுது?

இந்த இடத்தில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது, ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட வாடிக்கையாளர் பொறுப்பு விதி. சுருக்கமாக:

• தவறு வங்கியுடையது என்றால் உங்கள் நஷ்டம் பூஜ்யம். நீங்கள் புகார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அப்படித்தான்.

• தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை, வேறெங்கோ நடந்தது என்றால், வங்கியிடமிருந்து மெசேஜ் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் உங்கள் நஷ்டம் பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாட்கள் ஆனால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில். அதற்கும் மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

• நீங்களே பாஸ்வேர்ட், ஓடிபி போன்றவற்றைப் பகிர்ந்ததால் நடந்தது என்றால், வங்கியிடம் புகார் சொல்லும் வரை போன பணம் முழுக்க உங்கள் நஷ்டம். புகார் சொன்ன பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் நஷ்டம்.

• புகார் வந்த 10 வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்குத்தான்.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். நிரூபிக்க வேண்டியது நீங்கள் இல்லை. ஆனால் கவுன்ட்டரில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். "ஓடிபி போயிருக்கு சார், அப்போ நீங்கதான் கொடுத்திருக்கணும்" என்ற ஒற்றை வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எவ்வளவு தேர்ந்த நடிப்பாக இருந்தாலும், எவ்வளவு மிரட்டலாக இருந்தாலும், ஏமாந்தவர் எல்லோரும் அந்த மூன்றாவது வகையில் தள்ளப்படுகிறார்கள். 2017-ல் எழுதப்பட்ட 'கவனக்குறைவு' என்ற ஒற்றைச் சொல், மணிக்கணக்கில் வீடியோ காலில் பிடித்து வைக்கப்பட்டவரையும், பின் நம்பரைக் கார்டு உறையிலேயே எழுதி வைத்தவரையும் ஒரே தட்டில் வைக்கிறது.

பணம் போயிடுச்சா? வரிசையா செய்ய வேண்டியவை

• உடனே 1930-க்கு போன். இல்லையென்றால் தேசிய சைபர் க்ரைம் போர்ட்டலில் புகார். பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு அலெர்ட் போகும், அங்கே இன்னும் மிச்சமிருக்கும் தொகை முடக்கப்படும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷத்திலும் பணம் அடுத்த கணக்குக்கு நகர்ந்துகொண்டிருக்கும்.

• உங்கள் வங்கிக்குத் தனியாகப் புகார். போனில் சொன்னாலும் மெயில் ஒன்று போட்டு, புகார் எண்ணையும் நேரத்தையும் வாங்கி வையுங்கள். மேலே சொன்ன 3 நாள் கணக்கு வங்கியிடம் சொன்ன நேரத்தை வைத்துத்தான்.

• 30 நாட்களில் வங்கி பதில் சொல்லவில்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். ஆன்லைனிலேயே செய்யலாம், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை. சந்தேகம் கேட்க 14448.

• கிரெடிட் ரிப்போர்ட்டை வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகப் பார்க்கலாம். 4 நிறுவனங்களும் தர வேண்டும். தெரியாத லோன் இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாட்களுக்குள் சரிசெய்யாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது விதி.

• அப்பா அம்மாவின் ஆதார் கைரேகையை ஆதார் ஆப்பில் லாக் செய்து வையுங்கள். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். கைரேகையை வைத்துப் பணம் எடுக்கும் மோசடிக்கு இது நல்ல தடுப்பு.

தூத்துக்குடி கஸ்டமரும் சென்னைத் தீர்ப்பும்

ஏமாந்தவர்தான் முழுப் பொறுப்பு என்ற வாதம் தமிழ்நாட்டில் ஒரு முறை சட்டப்படி சோதிக்கப்பட்டிருக்கிறது. அதில் வங்கி தோற்றது.

அபுதாபியில் வேலை பார்த்த ஒருவருக்கு ஐசிஐசிஐ வங்கியின் தூத்துக்குடி கிளையில் கணக்கு. 2007 செப்டம்பரில் வங்கி அனுப்பியது போலவே ஒரு மெயில் வந்தது. யூசர் நேமும் பாஸ்வேர்டும் கேட்டது. வழக்கமான மெயில் என்று நினைத்து அவர் பதில் அனுப்பினார். 6.46 லட்சம் ரூபாய் அவர் கணக்கில் இருந்து வேறொரு நிறுவனத்தின் கணக்குக்குப் போனது. அந்தக் கணக்கும் அதே வங்கியில், மும்பையில் இருந்தது. அங்கிருந்து பெரும்பகுதி பணமாகவே எடுக்கப்பட்டது.

பாஸ்வேர்டைக் கொடுத்தது அவர் தவறு என்றது வங்கி. அவர் போலீஸோடு நிற்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் ஐடி துறைச் செயலாளர்தான் தீர்ப்பளிக்கும் அதிகாரி. 5 கோடி ரூபாய் வரையான நஷ்டஈட்டுக் கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். சென்னையில் இந்தப் பொறுப்பில் இருந்த பி.டபிள்யூ.சி. டேவிதார், 2010 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னார். போதிய முன்னெச்சரிக்கை எடுத்ததை வங்கியால் நிறுவ முடியவில்லை, எனவே 12.85 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்றார். வங்கி மேல்முறையீடு செய்தது. 2019-ல் தீர்ப்பாயம் அதைத் தள்ளுபடி செய்தது.

இந்தத் தீர்ப்பு சொல்லும் விஷயம் எளிமையானது. வாடிக்கையாளர் ஏமாந்தார் என்பதோடு விசாரணை முடிவதில்லை. அந்தப் பணம் போய் விழுந்த கணக்கை யார் திறந்தது, அசாதாரணமான பரிவர்த்தனையை யார் கவனித்திருக்க வேண்டும் என்பதையும் கேட்க வேண்டும். ஆனால் ஒரு தனிமனிதர் இதை நிரூபிக்க, பணம் போன நாளில் இருந்து கணக்குப் பார்த்தால் 11 வருஷத்துக்கும் மேல் ஆனது. இப்படி ஒரு அதிகாரி இருப்பதே இன்றும் பலருக்குத் தெரியாது.

மத்த நாடுகள் என்ன பண்றாங்க?

பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல் புது விதி. ஏமாந்து, தாங்களே பணம் அனுப்பிய வாடிக்கையாளர்களுக்கும் 85,000 பவுண்ட் வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். பொதுவாக 5 வேலை நாட்களுக்குள். அந்தத் தொகையை அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி ஏற்க வேண்டும். மோசடிக்காரரின் கணக்கை வைத்திருந்த வங்கிக்கும் கை சுடும் என்பதுதான் இதன் சூட்சுமம்.

சிங்கப்பூர் வேறு வழி எடுத்தது. 2024 டிசம்பர் 16 முதல், ஃபிஷிங் மோசடிகளில் முதலில் வங்கி தன் கடமைகளைச் செய்ததா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் நஷ்டம் வங்கியுடையது. வங்கி சரியாக நடந்திருந்தால் அடுத்து டெலிகாம் நிறுவனம். இருவரும் சரி என்றால்தான் நஷ்டம் வாடிக்கையாளர் பக்கம் வரும். பிரிட்டன் அளவுக்குத் தாராளம் இல்லை, ஆனால் கேள்வி கேட்கும் வரிசை முக்கியம். இந்தியாவில் அந்த வரிசை வாடிக்கையாளரிடம் இருந்துதான் தொடங்குகிறது.

'வங்கி திருப்பித் தரும் என்று தெரிந்தால் மக்கள் இன்னும் அஜாக்கிரதையாக இருப்பார்கள், பொய் கிளெய்ம் வரும்' என்பது வங்கிகள் தரப்பு வாதம். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதனால்தான் பிரிட்டன் விதியில் முதல் 100 பவுண்ட் வரை வங்கி கழித்துக்கொள்ளலாம், மிக மோசமான அலட்சியம் என்று நிரூபித்தால் மறுக்கலாம் என்ற பிரிவுகளும் இருக்கின்றன. அலட்சியத்துக்கு விலை வைக்கலாம். ஏமாந்தவர் எல்லோரையும் அலட்சியக்காரர் என்று சொல்வது வேறு.

சென்னைக்கு இது பழைய பாடம்

1906 அக்டோபரில் மெட்ராஸின் பெரிய நிதி நிறுவனமான அர்பத்நாட் கம்பெனி திவாலானது. அதை நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கானோர் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அந்த வேதனையில் இருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்களின் முயற்சியில் 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. அன்றைக்கு, 'நல்ல கம்பெனியா என்று பார்த்துப் போட்டிருக்கணும்' என்று டெபாசிட்தாரரைக் குறை சொல்ல முடிந்தது. 1960-ல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூழ்கியபோது அந்த எண்ணம் மாறியது. ஒரு வங்கியின் உள்விவகாரத்தைச் சாதாரண மனிதர் சோதித்துப் பார்க்க முடியாது என்று ஏற்று, 1962-ல் டெபாசிட் இன்ஷூரன்ஸ் வந்தது. இன்று வங்கி மூழ்கினாலும் 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு.

அதே தர்க்கம்தான் இங்கேயும். மறுமுனையில் பேசுபவர் நிஜ போலீஸா, பணம் போகும் கணக்கு மியூல் அக்கவுண்டா என்று போனைக் கையில் வைத்திருப்பவரால் சோதிக்க முடியாது. வங்கியால் முடியும். டெலிகாம் நிறுவனத்தால் ஓரளவு முடியும்.

என்ன மாறணும்?

முதலில், 2017 விதியில் உள்ள 'கவனக்குறைவு' என்ற சொல்லுக்குத் தெளிவான எல்லை வேண்டும். மிரட்டப்பட்டவர், திட்டமிட்டு ஏமாற்றப்பட்டவர் அதில் வரக் கூடாது.

இரண்டாவது, பணம் போய் விழுந்த வங்கியும் நஷ்டத்தில் பங்கு ஏற்க வேண்டும். அப்போதுதான் மியூல் அக்கவுண்ட் திறப்பதைத் தடுப்பதில் வங்கிக்கே லாபம் இருக்கும். எத்தனை விழிப்புணர்வு மெசேஜ் அனுப்பினாலும் வராத அக்கறை, தன் பணம் போகும்போது வரும்.

மூன்றாவது, தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வசூலாகும் அபராதத்தில் பாதிக்கப்பட்டவருக்கும் பங்கு இருக்க வேண்டும். 43ஏ போன்ற ஒரு நஷ்டஈட்டு வழியை நாடாளுமன்றம் மீண்டும் திறக்க வேண்டும்.

நான்காவது, இது தமிழ்நாடு அரசு நினைத்தால் உடனே செய்யக்கூடியது. ஐடி செயலாளரிடம் நஷ்டஈடு கேட்டு எப்படி மனு போடுவது என்பதைத் தமிழில், எளிய படிவத்தோடு, ஒவ்வொரு சைபர் க்ரைம் காவல் நிலையத்திலும் வைக்கலாம். எஃப்ஐஆர் போட வருகிறவரிடம் அந்தப் படிவத்தையும் கையில் கொடுக்கலாம்.

ஜாக்கிரதையாக இருங்கள் என்று மக்களிடம் சொல்வது அரசின் வேலைதான், அதைத் தொடர்ந்து சொல்லட்டும். ஆனால் 2024-ல் போன 22,845 கோடி ரூபாயும் ஏதோ ஒரு வங்கிக் கணக்கு, வாலெட், கார்டு வழியாகத்தான் போயிருக்கிறது. அவற்றைத் திறந்து கொடுத்தவர்களிடம் அரசு இனி கணக்குக் கேட்க வேண்டும்.